உயரமான தொட்டி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் சௌக்கியம். வீட்டுக்காரர் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. வீட்டில் இருப்பது என்னவோ நான் மட்டும்தான், நீங்கள் ஆகாயத்துக்காரர். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அதற்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் வீட்டுச் செய்தி.

நம் வீட்டுக்கு ஒரு ஜீவன் வந்திருக்கிறது. எட்டுக் கால். டாரன்டுலா என்கிறார்கள், உள்ளங்கை அகலத்துக்கு உடம்பெல்லாம் ரோமம் உள்ள பெரிய சிலந்தி. இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீங்கள் அங்கே தலையில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. ஒரு கையைத் தலையில் வைத்தாலும் இன்னொரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு படியுங்கள்.

எல்லாம் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பல் டாக்டர் செய்த வேலை. ஸ்டியரிங்கைப் பிடுங்கி எடுக்கப்போகிறவர் மாதிரிதான் பிடிப்பார், ஆனால் நல்ல பெண். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது, வீட்டில் துணைக்கு யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். நாய் வளர்க்கலாம் என்றால் நாள் முழுக்கக் காரில் இருக்கிறேன், பூனை என்றால் தும்மல். அப்போதுதான் தன் வீட்டுச் சிலந்தியைப் பற்றிச் சொன்னார். “அது நம்மளக் கண்டுக்கவே கண்டுக்காதுக்கா. ஆனா உள்ள ஒரு உயிர் இருக்குன்னு நமக்குத் தெரியும், அது போதும்” என்றார். அந்த மாதிரி உறவு எனக்குப் பழக்கம்தான் என்று சொல்லிக் கியரைப் போட வைத்தேன்.

என் அவசரம்தான் உங்களுக்குத் தெரியுமே. சிலந்தியைப் பார்ப்பதற்கு முன்பே தொட்டியை வாங்கிவிட்டேன். முழங்காலுக்கு மேல் உயரம், நாலு பக்கமும் கண்ணாடி. வருகிற உயிர் காற்றோட்டமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. ஜன்னலோரம் தரையில் வைத்தேன். சாயங்கால வெயில் அதற்குள் இறங்கித் தண்ணீர் மாதிரி ததும்பியது. இரண்டு நாள் அந்த வெறும் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைக்கு டாக்டர்தான் கூட்டிப்போனார். முன்னால் மீன்களும் கிளிகளும். ஒரு திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனால் சட்டென்று காது அடைத்த மாதிரி அமைதி. போர்வைக்குள் இருப்பது போல ஒரு கதகதப்பு, மங்கலான சிவப்பு விளக்கு, அடுக்கடுக்காகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் அசையாமல் எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரரும் தூங்கும் குழந்தை பக்கத்தில் பேசுவது போலத்தான் பேசினார். எடுத்தவுடன், “முதல் தடவையாம்மா?” என்றார். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் அடுத்தவர்களைக் கேட்கிற கேள்வி. அடக்கமாகத் தலையாட்டினேன்.

நீல நிறத்தில் ஒன்று இருந்தது. மயில் கழுத்து நீலம். அதைக் காட்டியதும், “பாக்கத்தான் அழகு. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கைமேல ஏறிக் கடிச்சிரும். புதுசா வளக்கிறவங்களுக்கு வேணாம்” என்றார். அடுத்து இன்னொன்று. கறுப்பு உடம்பு, கால் நுனியில் மட்டும் ரோஜா நிறச் சாயத்தில் தோய்த்து எடுத்த மாதிரி. மரப்பட்டையின் உச்சியில் வெள்ளை நூலால் சின்ன அறை கட்டி அதற்குள் இருந்தது. கீழே இத்தனை இடம் கிடந்தும் இறங்கவில்லை. கிரேன் உச்சியில் உள்ள உங்கள் கேபின் ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிட்டேன். கடைக்காரர், “அது மேல வாழுற ஜாதி. மூடியத் திறக்கும்போது எங்க இருக்கும், எப்பத் தாவும்னு சொல்ல முடியாது. கொஞ்சம் பழகின பிறகு வாங்கிக்கலாம்” என்றார். மேலே வாழும் ஜாதி வீட்டில் ஏற்கனவே ஒன்று உண்டு, கல்யாணமான நாளிலிருந்து பழகியும் பிடிபடவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

கடைசியில் அவர் கை காட்டியது பழுப்பு நிறத்துக்காரி. சுருட்டை ரோமம், தூக்கக் கலக்கத்தில் நடப்பவள் போல ஒரு காலை வைத்து யோசித்து மறு காலை வைக்கிறாள். நல்ல சாது என்றார். சில சமயம் மாதக்கணக்கில் சாப்பிடாது, பதறக்கூடாது என்றார். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று எண்ணித் தொடக்கூடாது, தோல் உரிக்கிறது என்று அர்த்தமாம். ஆணாக இருந்தால் ஐந்து வருடம் போலத்தான் ஆயுசு, பெண்ணென்றால் இருபது வருடம்கூட இருக்குமாம். இது பெண்.

சரி என்று சொல்லிவிட்டு, பெருமையாகத் தொட்டியின் உயரத்தைக் கையால் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. “ஐயோ, தரையில வாழுறதுக்கு உயரம் ஆகாதும்மா. அது பாட்டுக்குக் கண்ணாடியப் பிடிச்சு ஏறிரும். ஏறத் தெரியும், விழத் தெரியாது. அவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தா வயிறு கிழிஞ்சு செத்துப்போயிரும்” என்றார். பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு பூச்சிக்கு இப்படிக் கலங்குகிறாளே என்று அவர்கள் இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

காலைப் பனிமூட்டத்துக்கு மேலே சூரியன் வருவதை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நடுவில் ஒரே வரி: பக்கத்துக் கிரேன் ஓட்டுபவர் ஏணியில் கை வழுக்கி விழுந்து இறந்துவிட்டார். அடுத்த வரியில், கம்பெனி இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று. அப்புறம் காற்று, மழை. அவர்தானே போன விடுமுறையில் நீங்கள் கொடுத்த பொட்டலத்தை இங்கே கொண்டுவந்தவர். இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து டீ குடித்தார். புறப்படும்போது செருப்பு மாட்டக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர்.

அந்தக் கடிதம் வந்ததிலிருந்து விடியற்காலையில் ஒரே கனவு. உங்கள் கேபினில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் வெள்ளைப் பனி, தரையே இல்லை. கொக்கியில் எதையோ தூக்குகிறீர்கள். பார்த்தால் நம் வீடு, ஜன்னலில் விளக்கு எரிகிறது. “பாரு, எவ்வளவு லேசா இருக்கு” என்று சிரிக்கிறீர்கள். நான் காலால் பிரேக்கைத் தேடுகிறேன். என் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டே, எத்தனை மதில்சுவர்களை அதை வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். உங்கள் கேபினில் எனக்கு அது இல்லை. விழித்தால் கட்டில் சட்டத்தில் காலை அழுத்திக்கொண்டு கிடக்கிறேன், கெண்டைக்கால் வலிக்கிறது.

தொட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மண் போட்டு நிரப்பினேன். நார்த்தூள் கலந்த மண், மூட்டை மூட்டையாக டாக்டரே காரில் கொண்டுவந்து கொடுத்தார். முதல் தடவையாக எங்கேயும் இடிக்காமல் ரிவர்ஸ் எடுத்தார். மேலே ஒரு சாண்தான் மிச்சம் விட்டிருக்கிறேன். கடைக்காரர் வந்து கையால் அளந்து பார்த்து, இனிமேல் எங்கே இருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றார். இதை எழுதும்போது அவள் கண்ணாடியில் இரண்டு கால் வைத்து ஏறுகிறாள். பொத்தென்று மண்ணில் விழுகிறாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி நடக்கிறாள். வெயில் போய் அறை மங்கிவிட்டது, எழுந்து விளக்குப் போட மனமில்லை.

போன இரண்டு முறையும் கையெழுத்துக் கேட்டபோது, உங்கள் இஷ்டம் என்று எழுதினேன். இந்த முறை எழுத வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள். என் கார் இருக்கிறது, நம் இரண்டு பேருக்கும் அது ஓடும். உங்களுக்கும் ஓட்டச் சொல்லித்தருகிறேன். திட்டாமல் சொல்லித்தருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதை உங்களுக்கென்று வைத்திருக்கிறேன்.

கடைசி நாள் இறங்கும்போது, நான் காத்திருக்கிறேன் என்று அவசரப்படாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். ஒவ்வொரு படியாக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கடைசிப் படியிலும் பிடியை விடவேண்டாம். கால் மண்ணில் பட்ட பிறகு விடுங்கள்.

இப்படிக்கு,
தரையில் இருக்கும்
உங்கள் மனைவி