முழங்காலோடு நிறுத்திய ஊசி

மார்ச் 3, ஞாயிறு
அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. இரண்டு மாதமாக அவளுக்கு இடுப்பு வலி, கால் மரத்துப்போகிறதாம். "செருப்பு கழண்டு விழுறதுகூடத் தெரியலடா." அத்தான் சிரித்தார்: "தம்பி நரம்பு டாக்டரு, இவ தைலம் தேய்ச்சிக்கிறா." தையல் மிஷின் மேலிருந்த குண்டூசியால் பாதங்களில் குத்திப் பார்த்தேன். மந்தம். முழங்கால்வரை மந்தம். அதற்குள் சாப்பாடு ஆறுகிறது என்று அத்தான் கூப்பிட்டுவிட்டார். "இடுப்பு டிஸ்க்குதான்க்கா. நாள் பூரா மிஷின் மிதிச்சா வேற என்ன வரும்?"

மார்ச் 6
இடுப்பு ஸ்கேன் வந்தது. டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. நான் சொன்னதேதான்.

ஏப்ரல் 23
அக்கா மாடிப்படியில் விழுந்துவிட்டாள். இரண்டு காலும் நிற்கவில்லை. வார்டில் ஜூனியர் டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்திலிருந்து ஊசியோடு மேலே வந்தாள். முழங்கால், தொடை, தொப்புள் — எல்லாவற்றுக்கும் அக்கா "ம்ஹூம்." மார்புக்கு நாலு விரல் கீழே வந்ததும், "ஆ, குத்துது." அங்கே பேனாவால் கோடு போட்டாள் அந்தப் பெண்.

"இடுப்புல இல்ல சார். நெஞ்சுக்கு நேரா தண்டுவடத்தை ஏதோ அழுத்துது. முன்னாடி யாரு சார் பார்த்தது?"

"நான்தான்மா."

அப்புறம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 24
ஸ்கேனில், மேல்முதுகில் தண்டுவடத்தை ஒட்டி, பட்டாணி அளவில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை. ஏழு வாரம் முன்பே எடுத்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாள். 'குத்துவது நன்றாகத் தெரிகிற இடம் வரும்வரை ஊசியோடு மேலே போ' என்று வருஷா வருஷம் மாணவர்களிடம் கத்துகிறவன் நான். முழங்காலோடு ஏன் நிறுத்தினேன்? அக்கா என்ற கூச்சமா? இல்லை. பசி. எழுதவே கேவலமா இருக்கு.

ஏப்ரல் 26
கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். கால் அசையவில்லை.

மே 12
அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ பார்த்துட்டேங்கிற தைரியத்துலதான் மாப்ளே, நாங்க வேற யாருகிட்டயும் போகல," என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 14
ஞாயிறுதோறும் நானே போய்ச் சோதிக்கிறேன். அந்தக் கோடு கீழே இறங்கினால் தண்டுவடம் தேறுகிறது என்று அர்த்தம். பதினொரு வாரமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்ததும் அக்கா என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

இன்றும் கண்ணை மூடச் சொன்னேன். "குத்துறப்போ சொல்லுக்கா." டப்பாவில் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"தெரியுதுடா," என்றாள். "போன வாரத்துக்கு இப்ப நல்லாவே தெரியுது."

நான் இன்னும் அவளைத் தொடவே இல்லை.