அண்ணி பற்றவைத்த அடுப்பு

என் அன்புக்குரிய மௌலவி அண்ணனுக்கு,

நேற்று எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சினோம். பழைய குடிசை இருந்த அதே இடத்தில் இப்போது செங்கல் சுவரும் நாட்டு ஓடுமாக ஒரு வீடு நிற்கிறது. சீர்காழிப் பக்கத்து எங்கள் தெருவை நீங்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நம் படைப்பிரிவில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் ஒரே கொட்டகைதான். பண்டிட்ஜி, பாதிரியார், நீங்கள் என்று மதகுருமார் மூவரும் ஒரே கூடாரத்தில் படுத்தீர்கள். வடக்கே மலைநாட்டிலிருந்து வந்த பண்டிட்ஜிக்குப் பொங்கல் வைக்கத் தெரியாது. கும்பகோணத்துக்காரரான நீங்கள்தான் அடுப்பருகே நின்று, "வெல்லத்தை இன்னும் அள்ளிப் போடுங்க, எங்க ஊர்ப் பசங்க இதைப் பொங்கல்னு ஒத்துக்க மாட்டாங்க" என்று அதட்டுவீர்கள். ருசி பார்க்க வந்த பாதிரியார் பாதிப் பானையைக் காலி செய்வார்.

கிழக்கு எல்லையில் சண்டை மூண்டபோது, துப்பாக்கி ஏந்தாத நீங்கள் மூவரும் காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். தொடையில் குண்டு பாய்ந்து நான் ஒரு வரப்போரம் கிடந்தேன். நீங்களும் பாதிரியாரும் குனிந்தபடியே ஓடி வந்தீர்கள். ஸ்ட்ரெச்சரில் கண் சொருகிய என்னை நீங்கள் தூங்க விடவில்லை.

"கோவிந்தா, ஊர்ல சம்பா கதிர் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்ணே. ஆனா கூலித் தகராறு. குடிசையைப் பிரிச்சுக்கிட்டுக் கெளம்புன்னு மிராசுதாரு அப்பாகிட்ட சொல்லிட்டாராம்."

"நீ பொழச்சு வா. எங்க ஊர் வெத்தலையோட நானே வந்து அவர்கிட்ட பேசுறேன்."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்குப் பயமே இல்லையா அண்ணே?

என்னைக் கிடத்திவிட்டு, இன்னொருவன் கிடக்கிறான் என்று இருவரும் திரும்பிப் போனீர்கள். அவனை நீங்கள் பாதிரியாரின் கைக்குத் தள்ளிவிட்ட நேரத்தில் ஷெல் விழுந்தது. பாதிரியாருக்கு இடது கை விரல்கள் போயின. நீங்கள் எழுந்திருக்கவில்லை. அந்தச் சிப்பாய் பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கு ஆண் ஒன்று, பெண் ஒன்று. உங்களுக்குக் குழி வெட்டியவர் பண்டிட்ஜி. நம் படைப்பிரிவு ஹவில்தார் பாய் தொழுகை நடத்த, பண்டிட்ஜியும் கையில் கட்டோடு பாதிரியாரும் வரிசையின் கடைசியில் நின்றார்களாம்.

நான் நொண்டிக்கொண்டு ஊர் வந்தேன். குடியிருக்கிற மனை குடியிருப்பவர்களுக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டது. அம்மா பெயருக்குப் பட்டா வந்த அன்று, அப்பா அந்தக் காகிதத்தைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். எங்களைக் கிளம்பச் சொல்ல இனி ஒருவரும் இல்லை.

நேற்று எல்லோரும் வந்திருந்தார்கள். பண்டிட்ஜி ரயில் மாறி ரயில் ஏறி வந்தார். அண்ணி உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். பால் பானையை வைத்ததும் அம்மா தீப்பெட்டியை அண்ணியிடம் நீட்டினாள்.

"நீங்கதாம்மா பத்த வைக்கணும்."

"நானா? வேணாங்க. நான் எப்படிங்க..." என்று அண்ணி பின்வாங்கினார்கள். கூடியிருந்த பெண்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. புருஷனை இழந்தவள் புது அடுப்பைத் தொடலாமா என்றுதான்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "என் புள்ள உசுரோட நிக்கிறது இவங்க வீட்டுக்காரரால. இவங்க கை படாம இந்த வீட்டுல அடுப்பு எரிய வேணாம்" என்றாள்.

அண்ணி அழுதுகொண்டே தீக்குச்சியைக் கிழித்தார்கள். பண்டிட்ஜி மந்திரம் சொன்னார். உங்கள் மகள் துஆ ஓதினாள். பாதிரியார் ஒரு கீர்த்தனை பாடினார். சுருதி சேரவே இல்லை. பால் பொங்கி வழிந்தபோது முதலில் குலவையிட்டவர்கள் முணுமுணுத்த அதே பெண்கள்தான். அண்ணி சத்தமாகச் சிரித்ததை நேற்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கிளம்பும்போது உங்கள் மகள் என்னிடம், "சாச்சா, நான் நர்ஸுக்குப் படிக்கப் போறேன்" என்றாள். படிக்கட்டும் அண்ணே. அவளைச் சேர்க்கும் நாளில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன். அவள் வெள்ளைச் சீருடை போட்டு வெளியே வரும் நாளிலும் நிற்பேன். இது என் வாக்கு.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
கோவிந்தன்