நேராகக் கேட்பது

ஜூலை 8, செவ்வாய்

பாலக்கரையில் மூன்றாவது அரபி வகுப்பு. வளைகுடா போகும் நர்ஸ்கள், டிரைவர்கள் நடுவே எங்கும் போகாத ஒரே மாணவி நான். ஓய்வுபெற்ற நூலகர், வயது அறுபத்தொன்று.

தம்பி ரெங்கராஜ் குவைத்தில் இறந்து ஒன்பது நாள். உடலை அனுப்ப அவன் முதலாளியின் கையெழுத்து வேண்டும். மேனேஜர் போனை எடுப்பதில்லை. முதலாளிக்கு அரபி மட்டும்தான்.

ஆசிரியை இர்பானாவையே பேசச் சொன்னேன். "நான் பேசினா ஏஜெண்டுன்னு நினைப்பாங்க மேடம். கூடப் பிறந்தவங்க கேக்கணும்."

'தயவுசெய்து' என்பதற்கு நான்கு விதம் மனப்பாடம் செய்தேன். அழுகை வரவில்லை. மனப்பாடம் வருகிறது.

ஜூலை 9, புதன்

நான் சொன்னதை இர்பானா அரபியாக்கினாள்; தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். "கடைசில ஒண்ணு குறையுதே மேடம்." அவருக்கே புரியும் என்றேன்.

இர்பானா பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில் முதலாளிக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்தேன். பதினாறு வருடம் தம்பி அவரிடம் ஏசி பழுதுபார்த்ததைச் சொன்னேன். அவன் மனைவி அனுசுயா சாப்பிடுவதில்லை என்றேன். உங்களுக்குத் தெரியாததில்லை என்று முடித்துக் காத்திருந்தேன்.

பொறுமையாகக் கேட்டார். இறைவன் உங்களுக்கு மனத்தெம்பு தரட்டும் என்றார். வைத்துவிட்டார்.

"நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

"கேட்டேனே."

"துக்கத்தைச் சொன்னீங்க. அவரும் துக்கம் விசாரிச்சுட்டார்."

ஜூலை 10, வியாழன்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளிடமே நேராகக் கேட்பதில்லை. தாயார் சன்னதியில் சொல்லிவைத்தால் அவர் எடுத்துச் சொல்வார். கல்லூரியில் முப்பத்தைந்து வருடம் நான் லீவு கேட்டதே இல்லை. பிரின்சிபால் அறை வாசலில் இருமினேன், கிடைத்தது.

இர்பானா சொன்ன முறை: முதலில் அவரைப் பெற்றவர்களுக்கு அல்லாஹ் அருள வேண்டும். அடுத்து ஒரே வரி. காரணம் கூடாது.

"முகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா?"

"பெத்தவங்களுக்கு துஆ செஞ்சாச்சுல்ல. அதுக்கு மேல என்ன மேடம் மரியாதை?"

ஜூலை 11, வெள்ளி

அங்கே இரண்டு நாள் விடுமுறை. சவக்கிடங்குக்கும் உண்டா?

ஜூலை 12, சனி

அனுசுயா என் வீட்டில்தான் இருக்கிறாள். அவர் உங்களிடம் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டாள். சாவதற்கு இரண்டு நாள் முன்பு. சொன்னேன்: வெயில் தாங்கல. படி ஏறினா மூச்சு வாங்குது. ரூமில் இருந்த மணப்பாறைக்காரர் ஊருக்குப் போயிட்டார். "என்னமோக்கா, நீயே பாரு" என்றான். உடம்பப் பாத்துக்கடா என்றேன்.

"என்கிட்டயும் அதேதான் சொன்னார் அண்ணி. தண்ணி நிறைய குடிங்கன்னேன்."

அவன் கேட்டிருக்கிறான். எங்கே கேட்டான்? கேட்டான். எனக்குத் தெரிந்த தமிழில்தான் கேட்டான். கிளம்பி வாடான்னு ஒரு வார்த்தை— வாய்ல வரலையே.

ஜூலை 13, ஞாயிறு

முதலாளிக்கு மறுபடி போன் செய்தேன். அவரைப் பெற்றவர்களுக்கு அருள் வேண்டினேன். பிறகு: என் தம்பியை அனுப்புங்கள்.

"அப்ஷிரி" என்றார்.

நற்செய்தி பெறு என்று பொருளாம். ஒரு காரியத்தை ஏற்றுக்கொள்பவர் பெண்களிடம் சொல்வது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 17, வியாழன்

காலையில் விமான நிலையத்தில் பெட்டியை வாங்கினோம். மதியத்துக்குள் காவிரிக் கரையில் முடிந்தது.

சாயங்காலம் அனுசுயா, "கே.கே. நகர் வீடு பூட்டியே கிடக்கு. தண்ணி வேற சரியா வர்றதில்ல. அங்க போனாலும்..." என்று இழுத்தாள். ஆமாம், குழாயைப் பார்க்கச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது.

"இங்கேயே இரு. என் கூட இரு" என்றேன்.

"சரி அண்ணி."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த இட்லியில் இரண்டு சாப்பிட்டாள்.