காலியாக இருந்த இனக் கட்டம்

திங்கள், 9

விடாத மழை. குடையை ஃபெரியில் விட்டுவிட்டேன்.

செய்ய வேண்டியவை: அட்டவணை 4. மின்சார பில். அண்ணனுக்குச் சர்க்கரை பார்க்கும் பட்டை.

ஆய்வுத் தலைவர் டாக்டர் ராஜன் அவசரமாகப் பறக்கிறார். புதுச் சர்க்கரைநோய் மாத்திரை. மலாய்க்காரர், சீனர், இந்தியர், மூவருக்கும் ஒரே அளவு போதும் என்கிறது என் புள்ளியியல் கணக்கு. வெள்ளிக்குள் என் கையெழுத்து வேண்டுமாம். வெளியூர் ஆய்வுகளில் இந்தியர்களுக்குத் தலைசுற்றல் அதிகம். இங்கே மட்டும் எப்படி இல்லை? யாரோ விவரங்களில் கை வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய், 10

இனத்துக்கு இனம் மருந்தின் விளைவு மாறுகிறதா என்ற சோதனை, மறுபடியும். வயது, எடை சேர்த்தும் வித்தியாசம் இல்லை. ஆனால் சூலியா தெரு கிளினிக்கின் மலாய்க்காரர்களுக்கு மட்டும் ஏகப்பட்ட தலைசுற்றல். மற்ற கிளினிக்குகளில் அப்படி இல்லை.

ராஜன்: "அதெல்லாம் சும்மா சான்ஸ்ல வந்தது லா. விடும்மா."

ஏன் விடச் சொல்கிறார்?

ஜுருவிலிருந்து அண்ணன் போன். "உன் மாத்திரை எப்ப வரும்? ஊசி குத்தி அலுத்துப்போச்சு." ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஓட்டும்போது தலை சுற்றினால்? பயமாக இருக்கிறது.

புதன், 11

சூலியா தெரு கிளினிக். வெளியே இருவர், தமிழில். "மாத்திர போட்டா தல கிர்ருங்குது மச்சான்." பெயர் கேட்டுத் தேடினால், பட்டியலில் இருவரும் மலாய்க்காரர்கள்!

பழைய படிவங்கள். இனக் கட்டத்தில் வரிசையாக "மலாய்", பச்சை மையில். நர்ஸ் சல்மா அக்காவை மடக்கினேன்.

"நான் எழுதலம்மா. ஐ.சி. அடையாள அட்டைல ஒண்ணு இருக்கும், வீட்டுல ஒண்ணு சொல்வாங்க. டாக்டர்கிட்ட கேக்கலாம்னு காலியா விட்டேன். போன வருஷம் நீங்கதானே அவசரம்னு உக்காந்து நிரப்புனீங்க?"

பச்சைப் பேனா இன்னும் என் பையில்தான். பெயரில் முஸ்லிம்கள் இன்னார் மகன் என்று போடும் "பின்"னைக் கண்டதும் மலாய் என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். அப்பா பெயர் ராவுத்தர், மரைக்காயர் என்று தமிழ் முஸ்லிம் பெயராக இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

வியாழன், 12

வெயில். சல்மா அக்கா ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பூர்வீகம் கேட்டார். இனத்தைத் திருத்திச் சோதனையை மறுபடி ஓட்டினேன். இந்தியர்களுக்குத் தலைசுற்றல் தெளிவாகவே அதிகம். ஒரே அளவு கூடாது.

ராஜனைச் சந்தேகித்ததற்கு வெட்கம். அக்காவைச் சந்தேகித்ததற்கு அதைவிட.

திருத்தப் படிவம். கடைசிக் கட்டம்: பிழை செய்தவர் பெயர். காலியாக விட ஆசை. விட்டால் அவசரத்தில் யாராவது சல்மா அக்கா பெயரை நிரப்பிவிடுவார்கள்.

என் பெயரை எழுதினேன். பச்சை மையில்.