இரும்புவாயனுக்கு ஓர் இலை

சென்னை,
2.3.2003

அன்புள்ள அஜிதாவுக்கு,

நீயும் ஷாலுவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். பாத்திரக் கடைக்குப் போன் செய்தால் உன் தம்பி பிச்சையாவின் காதில் விழும் என்று நீ சொன்னதால்தான் கடிதம்.

ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதும் வேலை எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது என் கைக்கு வந்திருப்பது யார் தெரியுமா? நம் வெள்ளிப் பருந்து. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், வாடகைப் புத்தகக் கடையில், நீயா நானா என்று பிடுங்கிப் படித்தோமே, அதே சித்திரக்கதை படமாகிவிட்டது. நீ பருந்து கட்சி, நான் வில்லன் இரும்புவாயன் கட்சி. அந்தச் சண்டையில்தானே நமக்குப் பேச்சே தொடங்கியது.

புத்தகத்தில் இரும்புவாயன் காரணமே இல்லாத கெட்டவன். படத்தில் அவனை அப்படி விடவில்லை. ஊர் அவனை ஒதுக்கியது, அவமானப்படுத்தியது எல்லாம் காட்டுகிறார்கள். பார்த்தால் உனக்கே மனசு இளகும். எனக்கும் இதில் ஒரு வசதி. வழக்கமாக நடிகரின் உதடு மூடுகிற இடத்தில் நம் சொல்லிலும் உதடு மூட வேண்டும். அதற்கேற்ற சொல்லைத் தேடி உயிர் போகும். இவன் வாயையோ இரும்பு முகமூடி மறைத்திருக்கிறது. எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம்.

சித்திரையில் பிச்சையாவின் மகனுக்குக் காதுகுத்து, பழவங்காடியில் அதே மண்டபம் என்று ஷாலு கார்டில் எழுதியிருந்தாள். நான் வரட்டுமா? வந்தால் திரும்பிப் போகாமல் உங்களோடு இருந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. மூன்று வருடம் போதும், அஜிதா. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தொல்லை செய்துகொண்டிருக்கும்,
லிங்கராஜ்


திருவனந்தபுரம்,
11.3.2003

ஷாலுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோயில் பொங்காலைக்குப் பாத்திரம் வாங்க வந்த கூட்டத்தில் கடையில் நிற்க நேரமில்லை, அதனால் பதில் தாமதம். ஷாலு இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் மலையாளத்தில் பதில் சொல்கிறாள். முன்பற்கள் விழுந்துவிட்டன, அதனால் இரண்டு பாஷையும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது.

இரும்புவாயனுக்கு மனசு இளக வேண்டும் என்கிறீர்கள். எனக்குக் காரணமில்லாத கெட்டவனே போதும். அவனிடம் ஒரு நேர்மை இருந்தது. பாலத்தை இடித்தான், சிரித்தான், போனான். காரணம் சொல்லத் தெரிந்த கெட்டவனிடம்தான் எனக்குப் பயம். அவன் பேசப் பேச எல்லாரும் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். பாலத்தில் பஸ்ஸோடு விழுந்தவர்களுக்குச் சின்ன வயது இல்லையா? அதை எந்தப் படத்தில் காட்டினார்கள்?

அதே மண்டபம்தான். பிச்சையாவின் கல்யாணத்தில் நீங்கள் என்னை அறைந்த இடத்தில் அந்தத் தூண் அப்படியே நிற்கிறது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பார்த்தார்கள். நாலு வயது ஷாலு பாயசம் ஒட்டிய கையோடு பார்த்தாள். அன்று சாயங்காலமே நீங்கள் ரயில் ஏறிவிட்டீர்கள். வந்த கடிதம் ஒன்றிலும் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

வரலாமா என்று கேட்டால் சட்டென்று என்ன எழுத? படம் இங்கே ஆங்கிலத்தில் அடுத்த வாரம் வருகிறது. ஷாலுவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அஜிதா


சென்னை,
18.3.2003

அன்புள்ள அஜிதா,

ஆங்கிலத்தில் பார்ப்பதானால் பார். ஆனால் அதோடு நிறுத்தாதே. தமிழ்ப் படம் மாதக் கடைசியில் நாகர்கோவிலில் வருகிறது. தம்பானூரில் பஸ் ஏறினால் மத்தியானக் காட்சிக்குப் போய்விடலாம். கடைசியில் இடிந்த பாலத்தில் பருந்தும் இரும்புவாயனும் நேருக்கு நேர் நிற்பார்கள். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை கிழித்து எழுதினேன் என்று எனக்கே தெரியாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் கொடுத்தவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராததெல்லாம் அதில் இருக்கிறது. கேட்டுவிட்டு எழுது. பக்கத்து அறைக்காரர் ‘கால் வலிக்கலையா சார்?’ என்று கேட்கிற அளவுக்கு அறைக்குள்ளேயே நடக்கிறேன்.

லிங்கராஜ்


திருவனந்தபுரம்,
31.3.2003

ஷாலுவின் அப்பாவுக்கு,

இரண்டையும் பார்த்துவிட்டேன்.

முதலில் ஆங்கிலம். சின்ன வயது, எரிந்த வீடு, துரத்திய ஊர், எல்லாம் வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கடலை தின்றுகொண்டிருந்தேன். பிறகு அந்தப் பாலம். பருந்து ‘ஏன்?’ என்று கேட்கிறான். இரும்புவாயன் வெகுநேரம் சும்மா நிற்கிறான். பிறகு இரண்டே வாக்கியம். ‘நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன்.’ அவ்வளவுதான். என் இங்கிலீஷுக்கே அது புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ‘அம்மா எந்தினா கரையுந்நது, அயாள் வில்லனல்லே’ என்று ஷாலு என் கையைப் பிடித்து இழுத்தாள். வில்லனுக்காக ஏன் அழுகிறாய் என்கிறாள். எனக்கே தெரியவில்லை. உங்கள் கட்சிதான் ஜெயித்தது, அவரை வரச் சொல்லி எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஆசையோடுதான் சனிக்கிழமை நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். அதே பாலம், அதே ‘ஏன்?’. ஆனால் ஆங்கிலத்தில் அவன் வாயைத் திறக்காமல் நின்ற நேரமெல்லாம் உங்கள் தமிழில் பேசுகிறான். ‘ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது என்னை மட்டும் சுவரோரம் நிற்க வைத்தீர்கள். வா என்று ஒருவன் கூப்பிடவில்லை. இலை கிடைக்காத அந்தக் கைதான் இன்று ஓங்கியது.’ எனக்குப் பின்னால் ஒருவர், ‘லேய், அமெரிக்காவில எவம்லே பந்தி வெக்கான்?’ என்றார். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. பிச்சையாவின் கல்யாணத்தன்று, வீட்டு மாப்பிள்ளையான உங்களை முதல் பந்திக்கு யாரும் கூப்பிடாததைச் சொல்கிறீர்கள் என்று அந்தக் கொட்டகையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பேசி முடித்து அந்த இரண்டு வாக்கியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாலம் விழுந்தது, படம் முடிந்தது. அவன்மேல் இரக்கம் வர அந்தப் படத்தில் இருந்தது அந்த இரண்டு வாக்கியம்தான். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கே பந்தியை வைத்திருக்கிறீர்கள்.

அன்றிலிருந்து கடையில் எடை தப்புகிறது. கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அஜிதா


சென்னை,
6.4.2003

அஜிதா,

எடுத்தேன்தான். அந்த இரண்டு வாக்கியம் வைத்தால் அதுவரை அவன் பட்டதெல்லாம் அடிபட்டுப் போகும் என்று தோன்றியது. நம் ஜனங்களுக்குக் காரணம் வேண்டும்.

நீயே சொல். கை ஓங்கியது ஒரு நொடி. காலையிலிருந்து மூன்றாம் பந்தி வரைக்கும் நான் நின்றது எவ்வளவு நேரம்? வேலையில்லாத மாப்பிள்ளை என்றால் இலை கிடையாதா? உன் தம்பி என்னைத் தாண்டித்தான் மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனான். உன்னிடம் சொன்னேன், ‘இப்ப இதுவா பெருசு’ என்றாய். இதை இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லையே.

வரட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது. இப்படித் தொங்கவிடாதே.

லிங்கராஜ்


திருவனந்தபுரம்,
13.4.2003

மாப்பிள்ளை லிங்கராஜ் அவர்களுக்கு,

இத்துடன் காதுகுத்துப் பத்திரிகை. மேலே உங்கள் பெயரை எழுதியிருப்பது பிச்சையாவின் கை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவனிடம் கேட்டேன். ‘மறந்துபோச்சுக்கா’ என்றான். மறுபடி கேட்டேன். ‘இல்லக்கா, மறக்கல்ல. வேணும்னுதான் அத்தானைப் பந்திக்கு விளிக்கல்ல. தப்பு என்னோடதுதான்’ என்றான். அவ்வளவுதான். அவன் பெரிய யோக்கியன் இல்லை, உங்களுக்கே தெரியும். அவனுக்கே அதைச் சொல்ல வாய் வந்தது. ‘இப்ப இதுவா பெருசு’ என்று நான் சொன்னதும் உண்மைதான். பெரிதுதான். சொல்லியிருக்கக் கூடாது.

ஆகவே வாருங்கள். முதல் பந்தியில் முதல் இலை உங்களுக்கு. பிச்சையா வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைப்பான். நான் பரிமாறுகிறேன். அவசரப்படாமல் சாப்பிடுங்கள். பால் பாயசம் உண்டு. உங்களுக்கு வரவேண்டிய மரியாதையில் ஒரு பருக்கை குறையாது.

சாப்பிட்டு இலையை மடித்துவிட்டால் உங்கள் காரணம் தீர்ந்துவிடும். அதன்பிறகு நான் அந்தத் தூணருகே வந்து நிற்பேன், ஷாலுவும் என்னோடு நிற்பாள். அப்போதும் பந்தியைப் பற்றித்தான் பேசுவீர்கள் என்றால் சாயங்கால ரயில் இருக்கிறது. உங்களுக்கு வழி தெரியும்.

முகமூடி எதுவும் வேண்டாம். வேட்டி சட்டையில் வாருங்கள்.

அஜிதா