கியோகோ அக்காவின் ஊதா மூடிக் குழாய்

ஸ்பிரிங்டேல், ஆர்கன்சா

அன்புள்ள ஜிபா அண்ணனுக்கு,

தங்கை லிபோன் எழுதுவது. யோக்வே. இங்கே எல்லோரும் சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது, பிள்ளைகள் அதற்குள் இருமத் தொடங்கிவிட்டார்கள். என் போனை எடுப்பதில்லை என்று நீங்கள் பிடிவாதமாக இருப்பதால் இதை உங்கள் மஜூரோத் தீவுக்கு வரும் ஹெலினாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் பெட்டியில் உங்களுக்குப் பிடித்த கோழித்தொடையும் இருக்கிறது. கடிதத்தை வாங்காதவருக்குக் கோழியும் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரத்தம் எடுக்கும் படிப்பை நான் விட்டுவிட வேண்டும் என்று நீங்கள் சொன்ன சொல் இங்கே சர்ச் முழுக்கப் பரவிவிட்டது. உங்களுக்கு அதுதானே வேண்டியிருந்தது? பயிற்சிக்காக என்னை ஒரு கிளினிக்கில் விட்டிருக்கிறார்கள். மார்ஷல் தீவுக்காரர்கள் தயங்காமல் வரட்டும் என்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் வருகிறார்கள், என்னைப் பார்த்து யோக்வே என்று வணக்கம் சொல்கிறார்கள், பிறகு அடுத்த நாற்காலியில் போய்க் கையை நீட்டுகிறார்கள். அண்ணன் சொல்லை மீறியவளிடம் எப்படிக் கொடுப்பது என்று என் காதுபடவே பேசுகிறார்கள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் டெனிஸ் போன வாரம் என்னைக் கூப்பிட்டாள். "உங்க ஆளுங்களே உன்கிட்ட வரலைன்னா நான் என்ன பண்றது லிபோன்? பேசாம முன்னாடி மேஜையில உக்காந்து மொழிபெயர்த்துக் குடு" என்றாள். மாட்டேன் என்றேன். கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்த இத்தனை வருஷமும் முதலாளிகள் நிறுத்திய இடத்திலெல்லாம் நின்றாயிற்று. இனி முடியாது.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அமெரிக்காக்காரர்களின் அணுகுண்டு வெடித்துச் சாம்பல் விழுந்த தீவு நம்முடையது. வருஷா வருஷம் கப்பலில் அவர்களுடைய டாக்டர்கள் வந்தார்கள். அம்மாவின் கழுத்தில் எண் எழுதிய அட்டையை மாட்டிப் படம் எடுத்தார்கள், கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள், போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒருத்தரும் நமக்குச் சொல்லவில்லை. கடைசியில் அம்மாவுக்குக் கழுத்துக் கட்டியை அறுத்த தழும்புதான் மிச்சம். அதே ஊசியைத்தான் நீயும் பிடிக்கப் போகிறாயா என்று கேட்டீர்கள். ஆமாம் அண்ணா, அதே ஊசியைத்தான். அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றவள் நான். நீங்கள் ஒருவர்தான் மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கியோகோ அக்கா வந்தாள். அம்மாவோடு அதே வரிசையில் நின்றவள்தான். இப்போது பிங்கோ ஆடுகிற இடத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. நேராக என் நாற்காலிக்கு வந்து, "அண்ணன் பேச்சையே கேக்காதவ, என் நரம்பு பேச்சையா கேக்கப் போற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "உக்காந்து பாருங்க அக்கா, கேக்குதா இல்லையான்னு தெரியும்" என்றேன்.

"மொதல்ல உன் கையில குத்தச் சொல்லு."

வகுப்பில் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகியவர்கள்தானே நாங்கள். டெனிஸைக் கூப்பிட்டு என் கையை நீட்டினேன், அவள் குத்தினாள். அக்கா இமைக்காமல் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள்.

அக்கா கையில் என் முதல் குத்து தவறிவிட்டது. இரண்டாவதும் தவறினால் வேறு ஆளிடம் விட்டுவிட வேண்டும், அதுதான் விதி. நம் தோலில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். மற்றக் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். நரம்பு நழுவியது, மெல்ல அழுத்திப் பிடித்துக் குத்தினேன். இரத்தம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணா, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நோயாளி எழுவதற்கு முன்னால் குழாயில் பெயர் ஒட்டிச் சரிபார்க்க வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு முடிப்பார்கள். நான் அவள் முழுப் பெயரை, அவளுடைய அம்மா பெயரோடு சேர்த்து, நம் மொழியில் உரக்கச் சொன்னேன். இந்த ஊதா மூடிக் குழாய் மூன்று மாதச் சர்க்கரையைப் பார்ப்பதற்கு, பின்கட்டில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போகிறது, முடிவை டாக்டர் உங்களிடம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவர் கதவை நான் தட்டுவேன் என்றேன். அவள் கையை நீட்டிக் குழாயை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"சூடா இருக்குடி," என்றாள். "எவ்வளவு எடுத்துட்டுப் போனானுங்க. இன்னிக்குத்தான் நான் தொட்டுப் பாக்கறேன்."

பிறகு வெளியே போய், காத்திருந்த நம் ஆட்களைப் பார்த்து, "அங்க என்ன வேடிக்கை? இவகிட்ட வாங்க. இவ அண்ணனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்!" என்று கத்தினாள். அன்று முழுக்க என் நாற்காலி காலியாகவே இல்லை.

இனிச் சொல்லப்போவதை அண்ணனிடம் தங்கை பேசக்கூடாது. அண்ணன் உடம்பைப் பற்றி வாய் திறப்பது நம் வழக்கத்தில் இல்லை. ஆனாலும் பேசுகிறேன். உங்கள் கால் புண் ஆறவில்லை என்று அண்ணி போனில் அழுதாள். செருப்புப் போட முடியவில்லையாம். ஆஸ்பத்திரியில் ஊசியைப் பார்த்ததும் எழுந்து வந்துவிடுகிறீர்களாம். நான் யாருக்காக இந்தப் படிப்பில் சேர்ந்தேன் என்று நினைக்கிறீர்கள்?

ஹெலினா திரும்பும் விமானத்திலேயே வாருங்கள். அம்மாவின் குழியில் மண் தள்ளியபோது நாம் இரண்டு பேர் இருந்தோம். உங்களுக்கு நான் தனியாக நின்று அதைச் செய்ய மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வாருங்கள். வந்தபிறகு என்னோடு பேசக்கூட வேண்டாம். என் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுங்கள். உங்கள் பெயரையும் நம் அம்மா பெயரையும் உரக்கச் சொல்லி, குழாயை முதலில் உங்கள் கையில்தான் கொடுப்பேன்.

நீங்கள் வந்து சேரும்வரை கடவுள் அந்தக் காலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் சொல் கேளாத தங்கை,
லிபோன்