உறவுமுறைக் கட்டம்

அக்கா,

இன்று காலை கண் கிளினிக்குக்குள் நுழைந்ததும் வாசலில் நின்ற பெண் என் கையில் கிருமிநாசினியை ஊற்றினாள். இப்போது யாரும் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. விட்டுப்போகாத பழக்கம் போலிருக்கிறது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. மற்றவர்களுக்கு இறந்துபோனவர்களை நினைத்தால் அழுகை வரும். எனக்கு உங்களை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. கவுண்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் பெயர், அதற்குப் பக்கத்தில் உறவுமுறை. பேனாவைப் பிடித்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தெட்டு வருடம் நாம் இருவரும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த கவுண்டரில் இருந்தோம். முதல் நாள் நான் உங்களை "மிஸ்" என்றேன். "மிஸ் எல்லாம் பள்ளிக்கூடத்தோட விட்டுடு. அக்கான்னே கூப்பிடு" என்றீர்கள். அன்றிலிருந்து அக்காதான். கட்டுகஸ்தோட்டையில் ஒரே மதிலுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். கல்யாணம் கட்டாத இரண்டு பேர். பஸ்ஸில் யார் முதலில் ஏறினாலும் மற்றவருக்குப் பையை வைத்து இடம் பிடிப்போம். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் என் அடுப்பில் கஞ்சி வேகும்.

விண்ணப்பம் கொண்டுவருகிறவர்களை நீங்கள் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். "கட்டத்துல கேட்டத மட்டும் எழுதுங்க. ஒண்ணும் இல்லேன்னா ஒரு கோடு போடுங்க. காலியா விடாதீங்க." இதைச் சொல்லாமல் உங்களுக்கு ஒரு நாள் போகாது. ஆனால் ஒரு நாள் தெல்தோட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய விண்ணப்பத்தில் உறவினர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். கூட யாரும் வரவில்லை. திரும்பப் போனால் இன்னொரு நாள் சம்பளம் போகும் என்று அழுதாள். "வெளியில உங்க மாமா யாராச்சும் நிக்கிறாரான்னு பாத்துட்டு வாங்களேன்" என்றீர்கள். அவள் வாசலில் நின்ற பழக்காரரைக் கூட்டிவந்து மாமா என்றாள். நீங்கள் முத்திரை குத்தினீர்கள். நான் சிரித்ததற்கு, "மாமான்னு அவ சொல்றா. நாம என்னத்தக் கண்டோம்" என்றீர்கள். அன்று உங்களை எனக்கு அவ்வளவு பிடித்தது.

உங்களுக்கு வந்தது ஊரெல்லாம் பரவிய அந்த நோய் இல்லை. சிறுநீரகம் பழுது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் சட்டம் எல்லா வாட்டுக்கும் ஒன்றுதான். ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு ஆள், அதுவும் நெருங்கிய உறவினர். பெயர் போட்ட பாஸ், அதை வைத்திருப்பவர் சம்மதிக்காமல் ஆள் மாற்ற முடியாது. முச்சக்கர வண்டியில் உங்களை என் தோளில் சாய்த்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். படிவத்தை நிரப்பியவளும் நான். உறவுமுறை என்ற இடத்தில் "தங்கை" என்று எழுதினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

மறுநாள் நீங்களே தொலைபேசியில் கூப்பிட்டீர்கள்.

"ஏன்டி தங்கச்சின்னு எழுதுன? நர்ஸ் மிஸ் வந்து கேட்டாங்க, உங்க சொந்தத் தங்கச்சியான்னு. நான் இல்லேன்னு சொல்லிட்டேன். பக்கத்து வீடுன்னு சொன்னேன்."

"ஏன்க்கா? தலைய ஆட்டியிருந்தா போதுமே?"

"தம்பி பேரக் குடுத்திருக்கேன். அவன் வருவான்டி."

அம்மாவின் காரியம் முடிந்த நாளிலிருந்து உங்கள் வாசலை மிதிக்காத தம்பி. கடுகண்ணாவையில் கடை வைத்திருந்தும் கண்டியில் உங்களைப் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறவர். நோயைக் காட்டியாவது அவரை வரவழைக்கலாம் என்று நினைத்தீர்கள். அதற்கு என் பெயரை அடித்தீர்கள்.

அவர் இரண்டு நாள் வந்தார். பிறகு வரவில்லை. பாஸை என் பெயருக்கு மாற்றச் சொல்லி நான் கெஞ்சியபோது, "அக்கா குடுத்தது என் பேருங்க. மாத்துனா அவங்க மனசு கஷ்டப்படும்" என்றார். பாஸ் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

நான் தினமும் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தேன். பிளாஸ்கில் பிளாஸ்டர் ஒட்டி உங்கள் பெயர், வாட்டு நம்பர், கட்டில் நம்பர் எழுதிக் கொடுப்பேன். மாலையில் அது பாதிக் கஞ்சியோடு திரும்பி வரும். பாதியாவது குடித்தீர்களே என்று பஸ் ஏறுவேன். பதினேழாம் நாள் கொடுத்த கஞ்சி அப்படியே நிறைந்து வந்தது. கொண்டுவந்த ஊழியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிட்டாங்கம்மா" என்றார். உங்களை எடுத்துப்போகவும் தம்பிதான் கையெழுத்து வைத்தார். நான் ரோட்டில் நின்று வாகனத்தைப் பார்த்தேன்.

எனக்கு எதுவும் தொற்றிவிடக்கூடாது என்றுதான் நீங்கள் அப்படிச் சொன்னீர்கள் என்று தெரிந்தவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அப்படியானால் தம்பிக்குத் தொற்றலாமா? எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். நீங்கள் அவரை விரும்பிக் கூப்பிட்டதைக்கூட மன்னித்துவிடுவேன். கூடப் பிறந்தவர், ஆசை இருக்கும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகப் பழக்காரரை மாமாவாக்கிய நீங்கள், என்னைத் தங்கை இல்லை என்று அடித்துச் சொன்னீர்களே, அது ஏன் அக்கா? இதை உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கத்தான் உள்ளே வரத் துடித்தேன். கஞ்சி கொடுக்க மட்டும் இல்லை.

இன்று அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது குடியிருக்கும் பிள்ளை நல்லவள். அவளை மகள் என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. கை ஓடவில்லை. கடைசியில் இரண்டு கட்டத்திலும் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

கவுண்டர்ப் பெண் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்குன்னு யாரும் இல்லையாம்மா?"

"ஒருத்தங்க இருந்தாங்க. அவங்களே இல்லேன்னு சொல்லிட்டாங்க."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படிவத்தில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டி ஒரு தடவை பார்த்தாள். எதையும் காலியாக விடவில்லை, சரியாக நிரப்பியிருக்கிறீர்கள் என்று சொல்லி முத்திரை குத்தினாள்.